பாறைக்கும் பூமிக்கும் வயது சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அதை யார், எதை அளந்து கண்டுபிடித்தார்கள் என்பது அங்கே இருக்காது. நான் நிலவியல் படித்தவன் என்று தெரிந்தால் போதும், ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல் அக்கா மகன் வரை எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

பாறையின் வயது என்று எதைச் சொல்கிறீர்கள்? கல் என்றைக்குப் பிறந்தது என்று வைத்துக்கொள்வது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். இதில் தெளிவு வந்துவிட்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி வராது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ன வயது? சிற்பத்துக்கு என்றால் சுமார் 1300 ஆண்டு. சிற்பி உளி வைத்த கல்லுக்கு என்றால் சுமார் 250 கோடி ஆண்டு. கல்லுக்குள் இருக்கும் இரும்பு, ஆக்சிஜன் அணுக்களுக்கு என்றால் பூமியைவிட அதிகம். அவை சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு நட்சத்திரங்களில் உருவானவை. மூன்றுமே சரியான பதில்தான். எந்த நிகழ்விலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது.

தீப்பாறைக்கு வயது என்றால் பெரும்பாலும் பாறைக்குழம்பு ஆறிக் கனிமங்கள் படிகமான காலம். உருமாறிய பாறைக்கு, அது ஆழத்தில் வெந்து அழுந்திப் புதுக் கனிமங்கள் வளர்ந்த காலம். மணற்கல்லில் இரண்டு வயது உண்டு: ஒவ்வொரு மணல் துகளும் பிறந்த காலம் ஒன்று, அவையெல்லாம் சேர்ந்து படிந்த காலம் இன்னொன்று. ஒரு பாறைக்கு இத்தனை ஆண்டு என்று செய்தியில் படித்தால், எது நடந்து இத்தனை ஆண்டு என்று உடனே கேளுங்கள்.

சரி, அந்தக் காலத்தை அளக்கும் கடிகாரம் எது?

கதிரியக்கம். யுரேனியம், பொட்டாசியம்-40, ருபிடியம்-87 போன்றவை நிலையில்லாத அணுக்கள். தாமாகவே சிதைந்து வேறு தனிமமாக மாறிவிடும். குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்திருக்கும்போது அதில் பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்பது நன்றாகத் தெரியும். அதுதான் அரை ஆயுள். யுரேனியம்-238க்கு அது சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி, பொட்டாசியம்-40க்கு 125 கோடி.

யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாக மாறும். ஒரு கனிமம் பிறந்தபோது அதில் 1000 யுரேனியம்-235 அணுக்கள் இருந்தன, ஈயம் இல்லை என்று கொள்வோம். 70 கோடி ஆண்டு கழித்து 500 யுரேனியம், 500 ஈயம். 140 கோடி ஆண்டு கழித்து 250 யுரேனியம், 750 ஈயம். இன்றைக்கு இரண்டையும் எண்ணினால் எத்தனை ஆண்டு ஓடியது என்று திரும்பக் கணக்குப் போடலாம். யுரேனியம் சிதையும்போது வெளிவந்து கனிமத்தில் தேங்கும் ஹீலியத்தை வைத்து இதைச் செய்யலாம் என்று முதலில் காட்டியவர் ரூதர்ஃபோர்டு. 1907இல் அமெரிக்க வேதியியலர் போல்ட்வுட் ஈயத்தை அளந்து, 40 கோடி முதல் 220 கோடி ஆண்டு வரை கனிமங்களுக்கு வயது சொன்னார். அன்றைய அளவீடுகளில் குறைகள் இருந்தன. ஆனாலும் நூறு கோடியைத் தாண்டிய எண் ஆய்வகத்திலிருந்து வந்துவிட்டது.

447 கோடி ஆண்டு காத்திருந்து பார்த்தவர் யார்? அரை ஆயுள் எப்படித் தெரியும்?

காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் யுரேனியம்-238இல் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை 25க்குப் பின்னால் 20 பூஜ்யம். அவ்வளவு அணுக்கள் இருப்பதால், அரை ஆயுள் எத்தனை கோடி ஆண்டாக இருந்தாலும், ஒவ்வொரு நொடியும் சுமார் 12,400 அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கும். கருவி வைத்து அதை எண்ண முடியும். மொத்தம் எத்தனை, நொடிக்கு எத்தனை போகிறது என்று தெரிந்தால் பாதி தீர எவ்வளவு காலம் என்பது பிளஸ் டூ கணக்கு.

கீழடியில் கார்பன் சோதனை செய்தார்களே, பாறைக்கும் அதையே செய்தால் என்ன?

செய்ய முடியாது. நான் அதிகம் கேட்ட கேள்வி இது, கேட்பதில் தவறே இல்லை. ஊடகங்கள் எல்லாப் பழைய பொருளுக்கும் "கார்பன் டேட்டிங்" என்றே எழுதிவிடுகின்றன.

கார்பன்-14 காற்றில் உருவாகி, செடி வழியாக உயிர்களின் உடலுக்குள் போகிறது. உயிர் போனதும் புது வரத்து நின்றுவிடும், உள்ளே இருப்பது சிதையத் தொடங்கும். ஆக இந்தக் கடிகாரம் ஓர் உயிரின் சாவில் தொடங்குகிறது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்று வந்தது இப்படித்தான். கருங்கல் சுவாசித்ததும் இல்லை, செத்ததும் இல்லை. இன்னொன்று, கார்பன்-14இன் அரை ஆயுள் 5730 ஆண்டுதான். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. நிலக்கரி உயிரிலிருந்து வந்ததுதான், ஆனாலும் அதற்கும் இந்த முறை உதவாது.

பாறை பிறக்கும்போதே அதில் ஈயம் இருந்திருந்தால்? அல்லது நடுவில் வெளியே கசிந்திருந்தால்?

மிகக் கூர்மையான கேள்வி. இந்தத் துறை நூறு ஆண்டாக உழைத்ததே இதற்குப் பதில் தேடித்தான். இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பிறக்கும்போதே ஈயத்தை உள்ளே விடாத கனிமத்தைத் தேடுவது. அதுதான் சிர்கான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் பார்த்திருப்பீர்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அதோடு கலந்து கிடக்கும் நிறமற்ற, பளிச்சென்ற துகள்களில் சிர்கானும் உண்டு. சிர்கோனியம் உட்கார வேண்டிய இடத்தில் யுரேனியம் அணு எளிதாக உட்கார்ந்துகொள்ளும். ஈயம் அந்தக் கட்டமைப்புக்குப் பொருந்தாது, படிகம் வளரும்போதே வெளியே தள்ளப்படும். ஆகவே இன்று சிர்கானுக்குள் இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளேயே பிறந்தது. மிச்சம் மீதி இருந்தால் ஈயம்-204ஐ அளந்து கழித்துவிடலாம். அந்த வகை ஈயம் எந்தச் சிதைவிலும் உண்டாவதில்லை.

கசிவு? அதற்கும் சிர்கானிலேயே விடை இருக்கிறது. யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகும், யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகும். வேகம் வேறு, கடிகாரம் இரண்டு, இரண்டும் ஒரே துகளுக்குள். நடுவில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் வேறு வேறு வயது காட்டும். கசிந்ததைக் கனிமமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரே பாறையின் பல துகள்களை அளந்தால், அந்த முரண்பாடு விழும் விதத்திலிருந்தே முதலில் எப்போது பிறந்தது என்பதையும், பல சமயம் எப்போது கசிந்தது என்பதையும்கூட மீட்டெடுக்க முடியும்.

இரண்டாவது வழி, ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமலேயே வயதைக் கண்டுபிடிப்பது. ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகும். ஒரு பாறையில் நாலைந்து கனிமங்கள் இருக்கின்றன. பிறந்த அன்று எல்லாவற்றிலும் ஸ்ட்ரான்ஷியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் ஒன்றுதான், ஏனென்றால் படிகம் வளரும்போது இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ருபிடியம் மட்டும் மைக்காவில் நிறைய, வேறு சிலவற்றில் கொஞ்சம். காலம் போகப் போக ருபிடியம் நிறைந்த கனிமத்தில் ஸ்ட்ரான்ஷியம்-87 அதிகமாகக் கூடும். வரைபடத்தில் புள்ளி வைத்தால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும். கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு வயது. கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம்தான் ஆரம்ப விகிதம். நடுவில் பாறை கெட்டிருந்தால் புள்ளிகள் பெரும்பாலும் சிதறிவிடும், கோடே கிடைக்காது. பாறையே தன் ஆரம்பக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறது என்று முதன்முதலில் புரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் அந்த வரைபடத்தைப் போடும்போது சந்தோஷமாக இருக்கும்.

ஆய்வகத்தில் உண்மையில் என்ன செய்வார்கள்?

ஒரு பத்து கிலோ கல்லை உடைத்து, மணலாக அரைத்து, சலிப்பதில் தொடங்குவார்கள். அப்புறம் அரிசி களைவது போலத் தண்ணீரில் அலசி, லேசானதை ஓடவிட்டுக் கனமானதைப் பிடிப்பார்கள். காந்தத்தில் ஒட்டுவதை நீக்குவார்கள். சிர்கான் நன்றாகக் கனக்கும், காந்தத்தில் ஒட்டாது. பத்து கிலோவில் கடைசியாக மிஞ்சுவது ஒரு சிட்டிகை.

அதை நுண்ணோக்கிக்கு அடியில் பரப்பி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். துகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அறைக்குள் தும்மினால் ஒரு நாள் வேலை போச்சு. பொறுக்கியதைப் பிசினில் பதித்து, பாதி தேயும் வரை மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையில் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் சிர்கானுக்குள் மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காக வரிகள் தெரியும். நடுவில் ஒரு பழைய கரு, அதைச் சுற்றிப் பின்னால் வளர்ந்த ஓர் உறை என்று இரண்டு பிறப்புகள் ஒரே துகளில் இருப்பதும் உண்டு. கருவுக்கு ஒரு வயது, உறைக்கு ஒரு வயது. முதல் கேள்வியில் சொன்னதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். தலைமுடியின் பருமனில் பாதி அளவே உள்ள ஓர் இடத்தை லேசரால் சுட்டு, கிளம்பும் ஆவியை நிறை நிறமாலைமானி என்ற கருவிக்கு அனுப்பினால், அது அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணிக் கொடுக்கும்.

சிதையும் வேகம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சோதித்திருக்கிறார்கள். 1987இல் வானில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. அது சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதாவது நாம் பார்த்தது அத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்ததை. அந்த வெடிப்பில் உருவான கோபால்ட்-56 மங்கிய வேகமும் இன்று ஆய்வகத்தில் கோபால்ட்-56 சிதையும் வேகமும் ஒன்றாகவே இருந்தன.

எனக்கு இதைவிடப் பிடித்தது பவளத்தின் சாட்சி. பவளம் தினமும் மெல்லிய கோடாக ஓடு வளர்க்கும், பருவத்துக்குப் பருவம் அதன் தடிமன் மாறும். 1963இல் ஜான் வெல்ஸ் டெவோனியன் என்ற மிகப் பழைய காலத்துப் புதைபடிவப் பவளங்களில் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 கோடு. அப்படியென்றால் அன்று ஆண்டுக்கு 400 நாள். நிலவின் ஈர்ப்பால் கடலில் ஏற்படும் ஓதம் பூமியின் சுழற்சியை மெதுவாக்கிக்கொண்டே வருகிறது என்பது வானியலர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பின்னோக்கிப் போனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 400 நாள் இருந்தது 37 கோடி ஆண்டுக்கு முன். யுரேனியம் அந்தப் பாறைகளுக்குச் சொன்ன வயதும் ஏறத்தாழ அதுதான். பவளத்துக்கு யுரேனியமும் தெரியாது, வானியலும் தெரியாது.

தெரிந்த வயதுள்ள பாறையைக் கொடுத்துப் பரீட்சை வைத்தது உண்டா?

உண்டு. இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்து பொம்பெய் நகரத்தை மூடியது. 1997இல் வந்த ஆய்வில் அந்த வெடிப்பின் கனிமங்களை ஆர்கான் முறையில் அளந்தார்கள். பொட்டாசியம்-40 சிதைந்து உண்டாகும் ஆர்கான் வாயுவை வைத்து வயது சொல்வது அது. 1925 ஆண்டு, 94 கூடலாம் குறையலாம் என்று வந்தது. உண்மையில் அப்போது ஆகியிருந்தது 1918 ஆண்டு. அரை ஆயுள் 125 கோடி ஆண்டுள்ள கடிகாரத்தை வைத்து இவ்வளவு நெருக்கமாக!

தப்பான விடை வந்ததும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹவாயில் 1801இல் ஓடி இறுகிய லாவாவுக்குள் இருந்த சில கற்களுக்குக் கோடிக்கணக்கில் வயது வந்தது. அவை லாவாவில் உருகாமல், ஆழத்திலிருந்து அப்படியே அடித்துக்கொண்டு வரப்பட்ட வேற்றுக் கற்கள். அவற்றுக்குள் பழைய ஆர்கான் அடைபட்டிருந்தது. பொட்டாசியம்-ஆர்கான் கடிகாரம் தொடங்க வேண்டுமென்றால் வாயு முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். அங்கே வெளியேறவில்லை. இந்தத் தவறை இணையத்தில் "கதிரியக்க முறையே பொய்" என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். உண்மையில் எந்தக் கல்லில் இந்த முறை வேலை செய்யாது என்று கண்டறிந்து எழுதியவர்களே அந்த விஞ்ஞானிகள்தான்.

புதைபடிவத்தை வைத்துப் பாறைக்கும், பாறையை வைத்துப் புதைபடிவத்துக்கும் வயது சொன்னால் அது சுற்றிச் சுற்றி வரும் வாதம் இல்லையா?

இல்லை. கீழே உள்ள அடுக்கு பழையது, மேலே உள்ளது புதியது என்பதை ஸ்டெனோ 1669இலேயே எழுதிவிட்டார். எந்த உயிரினம் எந்த அடுக்கில் வருகிறது என்ற வரிசை கதிரியக்கம் தெரியும் முன்பே தயாராகிவிட்டது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் அம்மோனைட்டுகளை, அதாவது சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்களை, 1860களிலேயே ஆராய்ந்து, ஐரோப்பாவின் கிரிட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) அடுக்குகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். எது முன், எது பின் என்று சொன்னார்கள், எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை.

ஆண்டுக்கணக்கு எரிமலைச் சாம்பலிலிருந்து வருகிறது. படிவு அடுக்குகளுக்கு இடையே சாம்பல் விழுந்திருந்தால், அதன் கனிமங்களை அளந்து மேலும் கீழும் எல்லை போட்டுவிடலாம். 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த, லூசி என்று பெயரிட்ட மனித மூதாதையின் எலும்புகளுக்குச் சுமார் 32 லட்சம் ஆண்டு என்று சொல்வது இப்படித்தான்.

அத்திரம்பாக்கத்துக் கல் கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்கிறார்களே? அங்கே சாம்பலும் இல்லை, கரியும் இல்லையே?

திருவள்ளூர் மாவட்டத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டிய இடம் அது. 2011இல் வெளியான முடிவு. கல் தரைமேல் கிடக்கும்போது விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதன் குவார்ட்சுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்கும். மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதையும். மிஞ்சியிருக்கும் விகிதம், புதைந்து எவ்வளவு காலம் என்பதைச் சொல்லும். இங்கே கடிகாரம் தொடங்கியது கல் பிறந்தபோது இல்லை, மண் மூடியபோது.

கதிரியக்கம் தெரியாத காலத்தில் பூமிக்கு என்ன வயது சொன்னார்கள்?

19ஆம் நூற்றாண்டில் பெரிய குரல் கெல்வின் பிரபுவுடையது. உருகிய பந்தாக இருந்த பூமி இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டு, 1862இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்றார். பிற்பாடு அதை 2 கோடி முதல் 4 கோடி என்று சுருக்கினார். ஜான் ஜோலி கடலில் சேர்ந்த உப்பைக் கணக்கிட்டு 8, 9 கோடி என்றார்.

கதிரியக்கத்தின் வெப்பம் தெரியாததால்தான் கெல்வின் தவறினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது சின்னப் பகுதிதான். பூமியின் உட்பகுதி அசையாத திடப்பந்து என்று அவர் எடுத்துக்கொண்டதுதான் பெரிய தவறு. உள்ளே பொருள் மெதுவாகப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் வயது பல மடங்கு நீளும் என்று அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895இலேயே காட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூமியில் கிடைத்த மிகப் பழைய பாறையின் வயதுதான் பூமியின் வயதா?

இல்லை. கனடாவின் அகாஸ்டா பாறைக்குச் சுமார் 403 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் ஒரு சிர்கான் துகளுக்குச் சுமார் 440 கோடி. அது உட்கார்ந்திருக்கும் பாறை அதைவிட நூறு கோடி ஆண்டுக்கும் மேல் இளையது. அதற்கு முந்தைய பாறைகளைப் பூமி உருக்கி, புரட்டி, தின்றுவிட்டது. ஆகவே பூமியின் வயதுக்குப் பூமிக்கு வெளியே போக வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் அமெரிக்க வேதியியலர் கிளேர் பேட்டர்சன். சூரியக் குடும்பம் உருவானபோது மிஞ்சிய துண்டுகள்தான் விண்கற்கள். இரும்பு விண்கல்லில் உள்ள ஒரு கனிமத்தில் ஈயம் உண்டு, யுரேனியம் ஏறக்குறைய இல்லை. அதாவது பிறந்த நாளன்று இருந்த ஈயம் மாறாமல் அப்படியே இருக்கும். யுரேனியம் உள்ள கல் விண்கற்களோடு அதை ஒப்பிட்டால் வயது கிடைத்துவிடும். யோசனை எளிது. அளக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஈயம் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக வந்தது. தண்ணீர்க் குழாய், பெயின்ட், தூசி, தலைமுடி என்று எல்லாவற்றிலிருந்தும் ஈயம் விழுந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகள் அவர் செய்தது சுத்தம் செய்யும் வேலைதான். கண்ணாடிக் கலங்களை அமிலத்தில் ஊறவைத்து, காற்றை வடிகட்டி, தன் வேதிப்பொருள்களைத் தானே திரும்பச் சுத்திகரித்தார்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லின் மாதிரியை 1953இல் அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) தேசிய ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அளந்தார். விடை வந்ததும் அயோவாவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனவர், நெஞ்சு படபடத்ததில் மாரடைப்போ என்று பயந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னாராம். 1956இல் வெளியான கட்டுரையில் ஐந்து விண்கற்கள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. வயது 455 கோடி, 7 கோடி கூடலாம் குறையலாம். அப்புறம் பசிபிக் கடலடி மண்ணின் ஈயத்தையும் அதே வரைபடத்தில் வைத்தார். அதுவும் கோட்டில் விழுந்தது. விண்கற்களும் பூமியும் ஒரே காலத்தில், ஒரே பொருளிலிருந்து வந்தவை என்பதற்கு அதுதான் சாட்சி.

தன் ஆய்வகத்தைக் கெடுத்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று அவர் அத்தோடு விடவில்லை. பெட்ரோலில் கலக்கும் ஈயம் உலகம் முழுக்கக் காற்றை நஞ்சாக்குகிறது என்று கண்டு, எண்ணெய்த் தொழிலின் எதிர்ப்பைத் தாங்கிப் பல ஆண்டு போராடினார். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நாம் ஈயமில்லாத பெட்ரோல் போட்டுக்கொள்வதில் பூமியின் வயதைத் தேடிய மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

454 கோடி என்ற எண் இனி மாறுமா?

கடைசி இலக்கங்கள் மாறலாம். சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருள், சில விண்கற்களுக்குள் இருக்கும் வெள்ளைப் பொட்டுகள், அவற்றுக்கு 456.7 கோடி ஆண்டு. பூமி ஒரே நாளில் உருண்டு திரண்டுவிடவில்லை. சிறு பாறைகள் மோதி மோதி வளரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின. பூமியின் முதல் நாள் என்று எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் இப்போது விவாதம். அது 40 கோடியா 450 கோடியா என்ற விவாதம் இல்லை.

எங்கள் ஊர்க் கல்லின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையத்தளத்தில் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் வட்டாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாறையின் பெயரும் காலமும் வரும்.

சென்னைக்காரர்கள் வரைபடம் பார்க்காமலே தொடங்கலாம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் பல்லாவரத்திலிருந்து போனதால் இந்தப் பெயரை வைத்தார் ஹாலந்து என்ற நிலவியலர். உலகம் முழுக்க இந்த வகைப் பாறையை இன்றும் அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள். அடுத்த முறை பரங்கிமலை ஏறும்போது, புதிதாக உடைந்த முகம் ஒன்றைத் தேடி வெயிலில் பாருங்கள். கருமையோடு எண்ணெய் தடவியது போலப் பச்சை கலந்த ஒரு மினுமினுப்பு தெரியும். அந்தக் கனிமங்கள் ஆழத்தில் இறுகி ஏறக்குறைய 250 கோடி ஆண்டு ஆகிறது.